முடிச்சுக்கு ஒரு பிள்ளை

மருத்துவமனையில் இரவு வேலை முடிந்து வெளியே வரும்போது, நர்ஸுக்குத் தன் கால்கள் யாரோ இரவல் கொடுத்த கால்கள் மாதிரி இருக்கும். திருப்பிக் கொடுத்துவிட்டுப் படுத்தால் தேவலை என்று தோன்றும். ஆனால் படுப்பதற்கு முன்னால் ஒரு ரயிலை ஓட்டிக்கொண்டுபோய் விட வேண்டியிருந்தது.

ரயில் என்பது நீளமான ஒரு கயிறு. முழத்துக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் புறப்பட்டு, வாய்க்கால் சாலை வழியாகப் போய்ப் பள்ளிக்கூட வாசலில் நிற்கும். முன்னால் கயிற்று நுனியைப் பிடித்து நடக்கிற நர்ஸ் இன்ஜின். பின்னால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிற பெயின்டர் கார்டு. அவர் வேலைக்குப் போகும் வழியும் அதுதான். கார்டுக்குக் கொடி வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரித்ததில், ஒரு பழைய துணியைப் பச்சைப் பெயின்டில் முக்கி எடுத்தார். காய்ந்த பிறகு அது அட்டை மாதிரி விறைத்துக்கொண்டது. அதையே தினமும் மிடுக்காக ஆட்டினார்.

தொடங்கியபோது கயிற்றில் இருந்தவர்கள் நர்ஸின் மகளும் அவள் தோழிகள் சிலரும்தான். பிறகு, பள்ளி வாசலில் ஹாரன் அடித்தே அலுத்துப்போன பெற்றோர் ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளையையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். கயிற்றை ஒட்டுப்போட்டு நீட்ட வேண்டியதாயிற்று.

எல்லாம் நன்றாகத்தான் போனது, ஒரு காரின் பக்கக் கண்ணாடி ஒரு பையனின் புத்தகப் பையை உரசும் வரை. பையனுக்கு ஒன்றுமில்லை, சாப்பாட்டு டப்பாதான் நசுங்கியது. ஆனாலும் தலைமை ஆசிரியை பயந்துவிட்டார். வாய்க்கால் சாலையில் ஒரு பக்கம் வாய்க்காலின் கைப்பிடிச் சுவர், மறுபக்கம் வீட்டுச் சுவர்கள். நடப்பவர்களுக்கென்று ஒரு சாண் இடம் கிடையாது. நடைபாதை வராவிட்டால் இந்தப் பருவத்தோடு ரயிலை நிறுத்திவிடுங்கள், அந்தச் சாலையில் யாரும் நடந்து வர வேண்டாம், பிள்ளைகள் அவரவர் வண்டியில் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

நர்ஸின் வீட்டில் வண்டி இல்லை. பள்ளி வேன் அந்தப் பக்கம் வருவதில்லை. வாய்க்கால் சாலையை விட்டுச் சுற்றுவழியில் நடத்திக் கூட்டிப்போக, இரவு வேலை முடிந்து வருகிறவளுக்கு நேரம் போதாது. கணவர் லாரி ஓட்டுகிறவர். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போவார். இரவில் மகள் கீழ்வீட்டு டைலரம்மாவோடு படுத்துக்கொள்வாள். டைலரம்மாவுக்கு முழங்கால் வலி. அவ்வளவு தூரம் நடக்க முடியாது. மிச்சம் இருந்தது ஒரே வழி. நர்ஸின் அண்ணன் வீடு பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இருந்தது. மகள் இனி அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். அம்மா லீவு நாளில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். அண்ணி அதற்குள் அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்து வைத்திருந்தாள். அண்ணி நல்லவள். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. குறை சொல்லித் தட்டிக் கழிக்க ஒரு காரணம்கூடக் கிடைக்கவில்லை. பெட்டியும் கட்டியாகிவிட்டது; கதவோரம் நின்றது.

நடைபாதை கேட்டு நர்ஸ் போட்ட மனுவுக்குக் கடைசியில் பதில் வந்தது. சாலைப் பிரிவு அதிகாரி ஒரு நாள் காலை நேரில் வந்து பார்ப்பார். நிறையப் பிள்ளைகள் நடந்து போவது உண்மையானால் பாதைக்குப் பரிந்துரைப்பார். இல்லையென்றால் வாய்க்கால் ஓரத்தைக் கார் நிறுத்துமிடமாக்கச் சொல்லிக் கடைக்காரர்கள் கொடுத்த மனு தயாராக இருக்கிறது.

அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் மாலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், நர்ஸ் பெற்றோர்களின் போன் குழுவில் ஒரு செய்தி எழுதினாள். நாளைக் காலை எல்லாரும் தவறாமல் வந்து ஆதரவு தாருங்கள் என்று முடித்தாள். அதற்குக் கீழே ‘நடந்து வாருங்கள்’ என்றும் எழுதினாள். எழுதியதைப் பார்த்தால் கூச்சமாக இருந்தது. கார் வைத்திருப்பவர்களைக் கார் இல்லாதவள் நடக்கச் சொன்னால் வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொள்வார்களோ? அந்த இரண்டு வார்த்தைகளை அழித்துவிட்டு மிச்சத்தை அனுப்பினாள்.

மறுநாள் காலை தொட்டி இருந்த தெருவுக்குள் திரும்பியதும் அவள் அப்படியே நின்றுவிட்டாள். யாருமே அவள் பேச்சைத் தட்டவில்லை. எல்லாரும் வந்திருந்தார்கள், ஆளுக்கொரு காரில். ஒரு காரின் முகப்பில் ‘நடப்போம், நலம் பெறுவோம்’ என்று அட்டை எழுதிக் கட்டியிருந்தார்கள். பெயின்டர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

“வாங்க சிஸ்டர். நடைபாதைக்கு ஆதரவு குடுக்க வந்தவங்க நடக்கறதுக்கு இடம் விடல,” என்றார்.

நர்ஸுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. பிள்ளைகளைக் கயிற்றில் நிறுத்திக் கிளம்பினாள். கார்களும் கிளம்பின. சில பின்னால் ஊர்ந்தன. படம் எடுக்க வேண்டும் என்று சில முன்னால் போய் நின்றன. வாய்க்கால் சாலையின் நடுவளைவுக்கு வரும்போது எதிரிலிருந்தும் வண்டிகள் வந்துவிட, எல்லாம் அப்படியே அடைத்துக்கொண்டது. காருக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு பூனை போகலாம். கயிறு போக முடியாது.

அவள் ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி, வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கி நடக்கச் சொல்லிப் பார்த்தாள். எல்லாரும் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். ஓரம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். இல்லாத ஓரத்தைக் கேட்டுத்தானே இவ்வளவு பாடும். பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஒரு அப்பா இறங்கிவந்து தன் பிள்ளையைக் கயிற்றிலிருந்து எடுத்துக் காருக்குள் போட்டுக்கொண்டார். அதைப் பார்த்து இன்னொருவர். பிறகு ஒவ்வொரு முடிச்சாகக் காலியானது. வண்டி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் மூன்று பேரும் நர்ஸின் மகளும்தான் மிச்சம். கயிறு தரையில் தொங்கியது.

ஒரு அம்மா நர்ஸின் மகளையும் கூப்பிட்டாள். “நீயும் ஏறிக்கோடா கண்ணு, இடம் இருக்கு.”

மகள் முடிச்சை விடவில்லை. “நாங்களும் ஏறிட்டா வெறும் இன்ஜினும் கார்டும்தான் ஆன்ட்டி போகணும்,” என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கார்களுக்கு நடுவில் பக்கவாட்டில் நுழைந்து நுழைந்து ஒருவர் வந்தார். ஜீப் பள்ளிக்கூடக் கோடியில் மாட்டிக்கொண்டதால் இறங்கி நடந்துவந்த அதிகாரி. சுவரோடு ஒட்டி வந்ததில் சட்டையின் ஒரு தோள் முழுக்கப் பாசி. இங்கே யார் பொறுப்பு என்று கேட்டார். பெயின்டர் கொடியால் நர்ஸைக் காட்டினார்.

அதிகாரி கயிற்றைப் பார்த்தார். “நிறையப் பிள்ளைங்க நடக்கறதா எழுதியிருந்தீங்க. எண்ண ஒரு கை விரலே போதும் போலிருக்கேம்மா.”

அவள் என்னென்னவோ சொல்வதற்குத் தயார் செய்து வைத்திருந்தாள். எதுவும் ஞாபகம் வரவில்லை. பொய் சொல்லவும் ஒரு தெம்பு வேண்டும்.

“நேத்து வரைக்கும் முடிச்சு பத்தல சார். இன்னைக்கு நீங்க வர்றீங்கன்னு நான்தான் எல்லாரையும் வரச் சொன்னேன். நடந்து வாங்கன்னும் எழுதினேன். அப்புறம் தப்பா எடுத்துப்பாங்களோன்னு அழிச்சிட்டேன்.”

அதிகாரி திரும்பிக் கார்களை ஒரு நீளப் பார்வை பார்த்தார். “அப்போ இவ்வளவு நெரிசலும் நடைபாதை வேணும்னு கேக்க வந்த நெரிசலா?”

“ஆமா சார். உற்சாகம் கொஞ்சம் அதிகமாயிடுச்சு,” என்றார் பெயின்டர்.

அதிகாரி சிரிக்கவில்லை. அவரும் களைத்துப் போனவராகத்தான் தெரிந்தார். எப்படியும் ஜீப்புக்குத் திரும்பிப் போக வேண்டும். கார்கள் நகர ஆரம்பித்ததும் அந்தச் சின்ன ரயிலோடு நடந்தார். பிள்ளைகள் சுவர் பக்கம், அவர் கார் பக்கம். பள்ளிக்குச் சற்று முன்னால் ஒரு காரின் கண்ணாடி அவர் முழங்கையில் இடித்தது. முகப்பில் அட்டை கட்டிய அதே கார். உள்ளேயிருந்து மன்னிப்புக் கேட்டார்கள். அவர் முழங்கையைத் தேய்த்துக்கொண்டே நடந்தார்.

வாசலில் தலைமை ஆசிரியையையும் வைத்துக்கொண்டு அவர் பேசினார். “நடைபாதை என் கையில இல்ல. எழுதி மேல அனுப்புவேன். மேல இருக்கறவங்க அதும்மேல டீ கிளாஸ வெச்சிட்டு மறந்துடுவாங்க. அது வர்றப்போ வரட்டும். எங்க சாமான் யார்டுல காலி தார் டிரம் சும்மா கிடக்கு. அதை வரிசையா நிறுத்தச் சொல்றேன். உள்பக்கம் பிள்ளைங்க, வெளிப்பக்கம் வண்டி.”

தலைமை ஆசிரியை யோசித்தார். டிரம் நிற்கிற வரைக்கும் ரயில் வரலாம், ஒரு டிரம் நகர்ந்தாலும் மறுபடி பேச வேண்டியிருக்கும் என்றார். டிரம்முக்குப் பெயின்ட் தன் பொறுப்பு, பச்சை நிறைய மிஞ்சிக் கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் பெயின்டர் சைக்கிளில் ஏறினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி போன் செய்தாள். நர்ஸ் நடந்ததைச் சொன்னாள்.

“இப்போதைக்கு வேணாம் அண்ணி. டிரம் நிக்குதான்னு பாப்போம்.”

“சரி. அலமாரித் தட்டு அப்படியே காலியா இருக்கட்டும்,” என்றாள் அண்ணி.

நர்ஸ் கதவோரம் இருந்த பெட்டியைத் திறந்தாள். பள்ளிச் சீருடைகளையும், மகள் கட்டிக்கொண்டு தூங்கும் சின்னத் தலையணையையும் மட்டும் வெளியே எடுத்தாள். மற்றதை எடுக்கக் கை வரவில்லை. அப்படியே மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

படுத்துக்கொண்டே போனை எடுத்தாள். நாளையும் வழக்கம் போல ரயில் புறப்படும் என்று எழுதினாள். கீழே ‘நடந்து வாருங்கள்’ என்று எழுதினாள். பழைய கூச்சம் அப்படியே இருந்தது. ஆனால் அழிக்க அலுப்பாக இருந்தது. அனுப்பிவிட்டாள். யாராவது பதில் போட்டார்களா என்று பார்ப்பதற்குள் தூக்கம் வந்து அமுக்கிவிட்டது.