லோரெட்டாவுக்கு நாலு டயர்

1.

இந்தக் கதை பிறந்தது ஒரு தொலைபேசி அழைப்பில். கோடைச் சிறப்பிதழுக்கு, குழந்தை குட்டிகளோடு போய்த் தங்கக்கூடிய முகாம் ஒன்றைப் பற்றி ஜாலியாக எழுதித் தரச் சொன்னார் ஒரு பத்திரிகை ஆசிரியர். "நீங்கதான் வருஷா வருஷம் அங்கயே கிடக்கறீங்களே" என்றார். கிடக்கிறேன்தான். அமெரிக்காவில், மிசௌரியில், சோளக்காட்டுக்கும் ஓடைக்கும் நடுவில், ஏப்ரலில் என் டிரெய்லரை, அதாவது வண்டியில் மாட்டி இழுத்துப்போகும் வீட்டை, நிறுத்தினால் அக்டோபரில்தான் எடுப்பேன். சரி என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

"இரும்புச் சட்டியில் பன்றி இறைச்சி வறுபடும் மணத்தில் முகாம் கண்விழிக்கும்போது"

அடித்துவிட்டேன். எனக்கு வயிறு எரிகிறது, இதில் மணம் ஒரு கேடு.

"சக்கரம் வைத்த வீட்டில் இருப்பவர்களுக்கு உலகமே முற்றம் என்பதை"

முற்றமாவது மண்ணாங்கட்டியாவது. இதையும் அடித்தேன்.

"லோரெட்டாவின் டிரெய்லர் நகராது."

இது நிற்கிறது. இதிலிருந்து போவோம். ஜாலி வேண்டும் என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

2.

எனக்கு முகாம் என்பது விடுமுறை. லோரெட்டாவுக்கு அது வீடு. அவளும் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் டெசாவும் லோரெட்டாவைவிட வயதில் மூத்த ஒரு டிரெய்லரில் வருஷம் முழுக்க இருந்தார்கள். பழைய முதலாளி காலத்தில் முகாமின் குளியலறைகளை எல்லாம் அவள்தான் கழுவுவாள். அதற்குப் பதிலாக இடத்துக்கு வாடகை கிடையாது. பள்ளிப் பேருந்து முகாம் வாசலில் வந்து நிற்கும். டெசா தூக்கக் கலக்கத்தோடு ஏறிவிடுவாள்.

முதலாளிக் கிழவர் முகாமை விற்றார். பிரென்ட் வாங்கினான். வாசலில் சிரிக்கிற கரடி படத்தோடு ஒரு பலகை முளைத்தது: குடும்பங்களுக்கு உகந்த முகாம். கரடியின் காலடியில் பொடி எழுத்தில் ஒரு விதி: பத்து வருஷத்துக்கு மேல் பழைய டிரெய்லர்களுக்கு இங்கே இடமில்லை.

(பிரென்டை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. கத்தாத ஆள். பல் வெள்ளையாக இருக்கும். எல்லோரையும் மேடம், சார் என்பான். வில்லன் என்றால் வாசகருக்குச் சட்டென்று தெரிய வேண்டாமா? இவன் நாய்க்குட்டிக்கெல்லாம் பிஸ்கட் கொடுக்கிறான்.)

அவள் வீட்டு வாசலிலேயே வந்து நின்று பேசினான். நான் பக்கத்து இடம் என்பதால் எல்லாம் காதில் விழுந்தது.

"எனக்கு உங்க மேல ஒண்ணும் கோபமில்ல மேடம். இங்க எல்லாரும் குடும்பமா வர்றாங்க. உள்ள நுழையும்போதே இப்படி ஒரு ஓட்டை டப்பா கண்ணுல பட்டா..."

"நாங்க என்ன, குடும்பம் இல்லாம ஆகாசத்துலேர்ந்தா குதிச்சோம்?"

"நான் அப்படிச் சொல்லல மேடம்."

"வேற எப்படிச் சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க, காது குளிரக் கேட்டுக்கறேன்."

மாதக் கடைசிவரை நேரம் கொடுத்திருப்பதாகச் சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனான்.

3.

மாதம் முடிந்ததும் பிரென்ட் இழுவை லாரிக்காரன் ஒருவனைக் கூட்டிவந்தான். அந்த ஆள் டயரை ஓர் உதை உதைத்தான், கீழே குனிந்து பார்த்தான், தலையை ஆட்டினான். "அடியில எல்லாம் இத்துப்போச்சு சார். இழுத்தா நடுரோட்டுல பிரிஞ்சு விழும். எனக்கு வேண்டாம் இந்த வம்பு." போய்விட்டான்.

அன்று சாயங்காலம் லோரெட்டா என் மடக்கு நாற்காலியில் வந்து விழுந்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளுக்கு.

"அடியில ஒண்ணும் இத்துப்போகல. டயர்தான் போச்சு, சக்கரம் துருப்புடிச்சு இறுகிக் கிடக்கு. யார்கிட்டயும் மூச்சு விட்டுறாதீங்க. இலவச வக்கீலம்மாகிட்ட பேசினேன். உருளாத வீட்ட அவனால ஒண்ணும் பண்ண முடியாதாம், கோர்ட்டுக்குத்தான் போகணுமாம். போகட்டுமே! அதுக்குள்ள டெசா இந்த வருஷப் படிப்ப முடிச்சிடுவா. நானும் எங்கயாவது ஒரு இடம் பாத்துருவேன். என் ஆயுசுல ஓட்டை டயருக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லீங்க."

ஏன் மற்றவர்களிடம் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முகாமில் பாதிப் பேர் காலைக் காபியே பிரென்டின் அலுவலகத்தில்தான் குடிக்கிறார்கள். அங்கே போனால் எந்தச் சேதியும் தங்காது.

4.

[இந்தப் பகுதி காலத்தால் முந்தியது. பிரென்ட் கெடு வைத்த மறு ஞாயிறு நடந்தது. அடுத்து வருவதைப் படிக்குமுன் இது உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பதால் இங்கே வைக்கிறேன்.]

ஞாயிறு மத்தியானம் முகாமே சேர்ந்து சாப்பிடும். அவரவர் ஒரு பண்டம் கொண்டுவருவார்கள். லோரெட்டா கணப்பில் சுட்ட பீச் பழப் பணியாரம் கொண்டுவந்தாள். எல்லோரும் தட்டில் போட்டுக்கொண்ட பிறகு எழுந்து நின்றாள்.

"நீங்க எல்லாரும் என்கூட வந்து பிரென்ட்கிட்ட ஒரு வார்த்த சொன்னாப் போதும். 'இவ எங்க ஆளு, இருந்துட்டுப் போகட்டும்'னு. அவ்வளவுதான்."

ஒருவரும் தட்டிலிருந்து நிமிரவில்லை. கடைசியில் மெர்ல்* தொண்டையைக் கனைத்தார்.

"இடம் அவனோடது கண்ணு. நாம என்னத்தச் சொல்றது?"

"பணியாரம் ரொம்பப் பிரமாதம்" என்றது ஒரு குரல். யார் குரல் என்று எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். எழுதினால் கெட்ட வார்த்தையோடுதான் எழுதுவேன்.

* மெர்ல்: ஓய்வுபெற்ற லாரி மெக்கானிக். இவரைக் கோழை என்று முதல் பிரதியில் எழுதினேன். அடித்தேன். போன புயலில் மரம் என் கூரைமேல் விழுந்தபோது, கொட்டுகிற மழையில் ஏறி அறுத்துத் தள்ளியவர் இவர். நல்லவர் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். இப்போது அந்த இடம் காலியாக இருக்கிறது. நீங்களே ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள்.

5.

சனிக்கிழமை நானும் லோரெட்டாவும் துணி துவைக்க ஊருக்குள் போனோம். டெசாவை மெர்லுடைய மனைவி பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அன்றைக்கென்று அவ்வளவு கரிசனம்.

திரும்பி வந்தால் லோரெட்டாவின் இடத்தில் கூட்டம். நடுவில் டிரெய்லர் தலை நிமிர்ந்து நிற்கிறது. நாலு டயரும் புதுசு, கன்னங்கரேல் என்று மின்னுகிறது. சக்கரங்களுக்கு மசகு போட்டாகிவிட்டது. கைக்காசு போட்டு வாங்கியிருக்கிறார்கள், பாவிகள். மெர்ல் முழங்கைவரை கறுப்பாக, பல்லெல்லாம் தெரிய நின்றார்.

"மனசு கேக்கல கண்ணு. எங்களுக்குப் பேச வராது. கை வேலன்னா சொல்லு, முடிச்சுத் தர்றோம். இனிமே நீ எங்க வேணா போகலாம்!"

டெசா ஓடி வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "அம்மா, நம்ம வீடு ஓடும்மா! நட்டெல்லாம் நான்தான் புடிச்சுக்கிட்டேன்!"

லோரெட்டா துணி மூட்டையோடு படியில் உட்கார்ந்துவிட்டாள். "போறதுக்கு இடம் எங்க இருக்கு மெர்ல்?"

எனக்குத்தான் வாய் நிற்கவில்லை. "அறிவிருக்காய்யா உங்களுக்கு? உருளாம கிடந்ததுனாலதான்யா அவளுக்கு வீடு இருந்துச்சு!" என்று கத்தி எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். மெர்லின் முகம் செத்துப்போனது.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே கண்ணு."

"நான் உங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டேனே மெர்ல்" என்றாள் லோரெட்டா. "அன்னிக்கு எல்லாரும் தட்டப் பாத்துட்டு இருந்தீங்க."

ஒரு வார்த்தைக்கு வக்கில்லாத கூட்டத்துக்கு நாலு டயர் மாட்டக் கை வந்திருக்கிறது. இந்த வரியைப் பத்துத் தடவை அடித்து எழுதிவிட்டேன், ஆத்திரம் தீரவில்லை.

மெர்ல் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தார். "கழட்டிடறேன். இப்பவே கழட்டிடறேன்."

அப்போதுதான் பிரென்டின் குட்டிக் கார் வந்து நின்றது. "அட, பிரமாதமா இருக்கே! உருளுதா?"

டெசா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்: "நல்லா உருளும்!"

6.

முதல் முடிவு: மெர்ல் நிறுத்தாமல் சக்கரத்தைக் கழற்றுகிறார். மற்றவர்களும் ஆளுக்கொரு சக்கரத்தில் குனிகிறார்கள். பிரென்ட் வாயடைத்து நிற்க

எழுதும்போது கண்ணில் நீர் வந்தது. அதனாலேயே நிறுத்திவிட்டேன். அப்படி நடக்கவில்லை.

இரண்டாவது முடிவு: பிரென்டின் மனம் இளகி

சும்மா இருங்கள்.

நடந்தது: பிரென்ட் லாரிக்குச் சொல்லிவிட்டு அங்கேயே நின்றான். மெர்லைப் பார்த்து, சிரிப்பு மாறாமல், "உங்க இடத்துக்கு அடுத்த வருஷ ஒப்பந்தம் இன்னும் போடல இல்ல சார்?" என்று மட்டும் கேட்டான். மெர்ல் ஸ்பேனரைப் பையில் போட்டுக்கொண்டார்.

லாரி வந்தது. எங்கள் முகாமில் ஒரு பழக்கம் உண்டு: எந்த டிரெய்லர் கிளம்பினாலும் அக்கம்பக்கத்தார் கூடி நின்று வழியனுப்ப வேண்டும். லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்ததும் மெர்லின் கை தானாக எழுந்தது. "இடது பக்கம்... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்." ஒருவர் படியை மடக்கினார். ஒருவர் கூரைத் துணியைச் சுருட்டிக் கட்டினார். பின்னால் போய் விளக்கைப் பார்த்தவர் "வலது லைட் எரியல" என்றார். கேட்கிறீர்களா? மெர்ல் போய் அதையும் சரிசெய்தார். சரிசெய்துவிட்டு, வழக்கம்போல டிரெய்லரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "பத்திரமாப் போங்க" என்றார்.

அவர் அழுதார். எழுதாமல் விட்டால் நியாயமில்லை என்பதால் எழுதுகிறேன். என் கோபம் அதனால் ஒரு சொட்டும் குறையவில்லை.

* அப்படி இழுத்ததே சட்டப்படி தப்பாம், வழக்குப் போடலாம் என்று வக்கீலம்மா பிறகு சொன்னாள். போடலாம். வழக்கில் படுத்துத் தூங்க முடியுமா?

7.

முடிவை உங்களிடம் கொடுப்பதுதான் இந்த மாதிரிக் கதைகளில் முறை. கொடுக்கிறேன்.

டிரெய்லர் முகாம் வாசலுக்கு வெளியே, சாலையோரம், அந்தக் கரடிப் பலகைக்கு நேர் கீழே நிற்கிறது. லாரிக்காரன் அவ்வளவு தூரத்துக்குத்தான் கூலி வாங்கினான். லோரெட்டா உள்ளே பாத்திரங்களைக் கட்டுகிறாள். டெசா படியில் உட்கார்ந்து, திங்கட்கிழமை பேருந்து இங்கேதானே வரும், இன்னும் கிட்டவாயிற்று என்று கணக்குப் போடுகிறாள். என் இடமும் பிரென்டின் இடம்தான்; அதில் நிறுத்தட்டுமா என்று கேட்டேன், முடியாது என்றான். நகரத்தில் எனக்கு இருப்பது மாடி வீடு, டிரெய்லர் நிறுத்த இடமில்லை.

நீங்கள் நல்லவர்கள், எனக்குத் தெரியும். இதைப் படித்துவிட்டு ஏதாவது செய்ய வேண்டும் என்று உங்களுக்கும் கை பரபரக்கும். போர்வை, பழைய துணி, ஒரு தட்டுப் பணியாரம் என்று எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். டயரெல்லாம் புதுசு, விளக்கு எரிகிறது, எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வரும்.

எங்கே கொண்டுவந்து நிறுத்தட்டும், அதைச் சொல்லுங்கள். தட்டைப் பார்க்காதீர்கள்.