பத்தாவது பேப்பர்

மிக்கேலோடு முதன்முதலில் போட்டிக்கு ஓடியவை மாடுகள்.

போர்ட் பிளேரில் அந்தக் காலத்தில் நேரான சாலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் விமானம் இறங்கும். மற்றச் சாலைகள் எல்லாம் ஒன்று மேட்டில் ஏறும், இல்லாவிட்டால் கடலைப் பார்த்து இறங்கும். விமானம் வாரத்தில் இரண்டு நாள் வரும், வருமென்று சொல்லுவார்கள். மற்ற ஐந்து நாளும் ஓடுபாதை மாடுகளின் பொறுப்பில் இருந்தது. அங்கே காவலுக்கு இருந்த தெலுங்குக்காரருக்கு இரண்டு முட்டியிலும் வலி. "மாட்டை நீ விரட்டு. அப்புறம் நீ என்ன செய்தாலும் நான் பார்க்கவில்லை" என்று அவர் இந்தியில் ஒப்பந்தம் பேசினார். இது 1969இல் நடந்தது. அரசாங்க இடத்தில் எழுத்தில்லாமல் நிறைவேறிய ஒப்பந்தம், தெரிந்தவரை, அது ஒன்றுதான்.

மிக்கேலுக்கு அப்போது பதினெட்டு வயது. அப்பா தாமஸ் தூத்துக்குடியிலிருந்து வந்து, போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் குடியேறி, படகு இஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தார். கப்பல் சிப்பந்தி ஒருவன் பட்டறையில் மறந்துவிட்டுப்போன வெளிநாட்டுப் பத்திரிகையில் மிக்கேல் ஒரு படம் பார்த்தான். தரையோடு தரையாக ஒரு சின்ன வண்டி, கூரை இல்லை, கதவு இல்லை, உள்ளே ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பெயர் கார்ட் என்று போட்டிருந்தது. கழித்துப்போட்ட தண்ணீர் பம்ப் இஞ்சின் ஒன்று, சிமெண்டு தள்ளும் வண்டிச் சக்கரம் நான்கு, யுத்தத்தின்போது ஜப்பான்காரன் விட்டுப்போன ஏதோ வாகனத்தின் ஸ்டியரிங், இவற்றை வைத்து அவனும் ஒன்று கட்டினான். சிரிப்பது மட்டும் உடனே வரவில்லை. முதல் நாள் புகை முழுக்க ஓட்டுகிறவன் மூக்கில்தான் போனது.

"என்னலே இது? வண்டியா, கொசு மருந்து அடிக்கிற மெசினா?" என்றார் தாமஸ்.

"ரேஸ் வண்டி அப்பா."

"யாரு கூடலே ரேஸு?"

இந்தக் கேள்விக்கு மூன்று வருடம் பதில் இல்லை. 1972 குடியரசு தின விளையாட்டு விழாவில்தான் பதில் கிடைத்தது. மிக்கேலைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் கார்ட் கட்டியிருந்தார்கள். ஒன்று புறப்படவில்லை. இன்னொன்று புறப்பட்டது, நிற்கவில்லை. வாழைத்தோப்பில் போய் முடிந்தது. மிக்கேல் அந்தமான் சாம்பியன் ஆனான். பரிசாக ஒரு குடை கொடுத்தார்கள்.

அந்த நவம்பரில் அவன் மெட்ராஸ் கார்ட் போட்டிக்குப் போனான். கப்பல் சரக்கு குமாஸ்தாவின் பட்டியலில் கார்ட் என்று ஒரு இனம் இல்லை. நாலு சக்கரம், இஞ்சின், ஒரு ஆள் உட்காரலாம் என்று மிக்கேல் விளக்கினான். குமாஸ்தா நெடுநேரம் யோசித்து, 'குழந்தை வண்டி, ஒன்று' என்று எழுதி அனுப்பினார்.

மெட்ராஸில் அன்றைக்குப் பார்த்து மழை கொட்டியது. மெட்ராஸ் பையன்கள் மழையில் ஓட்டிப் பழகாதவர்கள். மிக்கேல் காய்ந்த தரையில் ஓட்டிப் பழகாதவன். தீவில் வருடத்தில் எட்டு மாதம் மழை, மற்ற நாலு மாதம் மழைக்கு முன்னேற்பாடு. பளபளக்கிற வெளிநாட்டு கார்ட்டுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் திரும்பி நின்றுகொண்டு வந்த வழியைப் பார்த்தன. குழந்தை வண்டி முதலாவதாக வந்தது.

ஒரு டயர் கம்பெனி மேனேஜர் குடையோடு ஓடிவந்து கைகொடுத்தார். கம்பெனி ஒரு ரேஸ் கார் வாங்கியிருக்கிறது, பந்தயத்துக்கென்றே செய்தது, நாலு சக்கரமும் உடம்புக்கு வெளியே நிற்கும், ஒரே ஆள் சீட்டு, அதை ஓட்ட மாதச் சம்பளத்தில் ஒரு டிரைவர் வேண்டும் என்றார். நாலு பேரைத் தேர்ந்தெடுத்து ஜனவரியில், மெட்ராஸுக்கு வெளியே சோழவரத்தில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். யார் வேகமோ அவருக்குக் கார். மிக்கேலை அதில் ஐந்து நிமிடம் உட்காரவிட்டார்கள். இஞ்சின் முடுக்கவில்லை. தோள் இரண்டும் சரியாக அடங்கின. வாழ்க்கையில் தன் அளவுக்குத் தைத்த ஒரு பொருளுக்குள் அவன் அதற்குமுன் இருந்ததில்லை. சட்டைகூட அண்ணன் போட்டதுதான்.

கையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். 'சோதனை ஓட்டத் தேதி தினசரியில் விளம்பரமாக வெளியிடப்படும். தனித்தனியே கடிதம் அனுப்பப்படமாட்டாது. தவறாமல் பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளவும்.' மற்ற மூன்று பேரும் மெட்ராஸ்காரர்கள். மெட்ராஸில் இரண்டு மாதம் தங்க மிக்கேலுக்கு யாருமில்லை. கப்பல் ஏறினான்.

கராச்சர்மாவில் பத்திரிகை பார்ப்பதற்கு ஒரு முறை இருந்தது. அதைச் சொல்ல வேண்டும்.

பதினைந்து இருபது நாளுக்கு ஒருமுறை மெட்ராஸ் கப்பல் வரும். அதில் அத்தனை நாள் பேப்பரும் ஒரே கட்டாக வரும். கட்டு தமிழ் வாசகசாலைக்குப் போகும். வாசகசாலைச் செயலாளர் சிவஞானம், ஆபீஸில் பெரிய குமாஸ்தா, கட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். மறுநாளிலிருந்து, தேதி வரிசைப்படி, தினம் ஒரு பேப்பர் வெளியே வரும். சாயங்காலம் ஐந்தரைக்கு நாற்பது பேர் கூடுவார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார். அன்றைய பேப்பர் அதுதான். நாளைய பேப்பர் நாளைக்கு.

ஆரம்பத்தில் இப்படி இல்லை. பன்னீர்செல்வம் என்ற காண்டிராக்டர் ஒரு தடவை கட்டு முழுவதையும் ஒரே இரவில் படித்துவிட்டு, தொடர்கதையில் கதாநாயகி கிணற்றில் விழப்போகிறாள் என்பதைச் சந்தையில் நின்று சொல்லிவிட்டார். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. அதற்கப்புறம்தான் பூட்டு. பூட்டு வந்தபிறகு ஊருக்கு ஒரு ஒழுங்கும் வந்தது. மெயின்லேண்டில் மந்திரி ராஜினாமா செய்தால் இங்கே பதினெட்டு நாள் கழித்து ஆத்திரப்படுவார்கள், ஆனால் முழுமையாக ஆத்திரப்படுவார்கள். ரேடியோ வைத்திருந்தவர்கள் வாசகசாலையில் வாயைத் திறக்கக்கூடாது.

1973 ஜனவரி 21ஆம் தேதி கப்பல் வந்தது. ஜனவரி 3 முதல் 17 வரை பதினாலு பேப்பர். பொங்கலுக்கு அச்சகத்துக்கு ஒருநாள் லீவு. மறுநாள் வாசகசாலையில் எள் விழ இடமில்லை. மிக்கேலின் விளம்பரத்துக்காக ஊரே காத்திருந்தது.

சிவஞானம் எழுந்து தொண்டையைச் செருமினார். "நம்ம தம்பி மிக்கேல் இந்தத் தீவுக்கே பேர் வாங்கிக் குடுத்திருக்கு. அதனால கமிட்டி ஒரு தீர்மானம் போட்டிருக்கு. வெளம்பரம் வர்ற வரைக்கும் தெனம் அலமாரியத் தொறந்து பேப்பர எடுத்துக் குடுக்கிற கௌரவம் தம்பிக்குத்தான்."

கைதட்டினார்கள். மிக்கேல் சாவியை வாங்கினான். பூட்டைத் திறந்தான். கட்டு அங்கே இருந்தது, சணல் கயிறு போட்டு. மேலே இருந்த மூன்றாம் தேதியை உருவினான். மீதியைத் தட்டி ஒழுங்காக வைத்தான்.

"சார், ஒருவேளை இதுக்குள்ளயே வெளம்பரம் இருந்தா?" என்று கேட்கத்தான் செய்தான்.

"இருந்தா வருமே தம்பி. எங்க போயிடும்? என்ன ஜல்தி?"

"புள்ளத்தாச்சி வயித்தப் பாத்தாப்புல பாக்கான்லே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேலும் சிரித்தான். பிறந்ததிலிருந்து அவனுக்கும் நாளைய பேப்பர் நாளைக்குத்தான் வரும். அலமாரியைப் பூட்டினான்.

23ஆம் தேதி திறந்தான். நாலாம் தேதிப் பேப்பர். விளம்பரம் இல்லை. பூட்டினான்.

24ஆம் தேதி மத்தியானம் கப்பல் மெட்ராஸுக்குத் திரும்பியது. கப்பல் புறப்பட்டால் ஊர் முழுக்கத் துறைமுகத்துக்குப் போவது வழக்கம், மிக்கேலும் போனான். பக்கத்து வீட்டு ருக்கு அக்கா பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள். அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பலுக்குள் போய், படுக்கைக்கு அடியில் தள்ளி வைத்தான்.

"நீ எப்போ வர்ற மிக்கேலு?" என்றாள் ருக்கு.

"வெளம்பரம் வந்ததும் அடுத்த கப்பல்ல அக்கா."

சங்கு ஊதினார்கள். இறங்கினான். எட்டு நிமிடம் கப்பலில் இருந்திருப்பான். கரையில் நின்று, கப்பல் மறையும்வரை கைகாட்டினான். சாயங்காலம் ஐந்தாம் தேதியை உருவினான்.

ஒவ்வொரு நாளும் விளம்பரம் இல்லை. ஒவ்வொரு நாளும் கூட்டம் அதிகமாயிற்று. தொடர்கதையைக்கூட இரண்டாவதாகப் படித்தார்கள். எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து படகேறி ஆட்கள் வந்தார்கள். அம்மா செல்வம்மாள் அந்தோனியாருக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தாள்; விளம்பரம் சீக்கிரம் வரவேண்டும் என்று.

31ஆம் தேதி பத்தாவது பேப்பர். ஜனவரி 12. சிவஞானம் மூன்றாம் பக்கத்தைத் திருப்பியதும், "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று கத்தினார். கூரைத் தகரம் அதிர்ந்தது. யாரோ மிக்கேலைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். சிவஞானம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக, ரசித்துப் படித்தார்.

"சோதனை ஓட்டம். இடம் சோழவரம். நாள்... ஜனவரி முப்பத்தொண்ணு. புதன்கிழமை. காலை பத்து மணி."

கைதட்டல் தொடர்ந்தது. பிறகு ஓரத்திலிருந்து குறைந்துகொண்டு வந்தது. சுவரில் தினசரிக் காலண்டர் தொங்கியது. வாசகசாலையில் அதை மட்டும் யாரும் பூட்டி வைத்திருக்கவில்லை. ஒருவர் பார்த்தார். அவர் பார்ப்பதைப் பார்த்து இன்னொருவர் பார்த்தார்.

"இன்னிக்குத்தான்" என்றான் மிக்கேல், தோளுக்கு மேலே இருந்து.

"மணி என்ன?" என்று யாரோ கேட்டார்கள். ஐந்தேமுக்கால். அது தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை, ஆனாலும் சொன்னார்கள்.

அவனை மெதுவாகக் கீழே இறக்கினார்கள். சிவஞானம் பேப்பரைப் பார்த்தார், அலமாரியைப் பார்த்தார். அதன் சாவி மிக்கேலின் சட்டைப் பையில் இருந்தது. அதை எல்லோரும் கவனித்தார்கள், கவனிக்காத மாதிரி இருந்தார்கள். ஒருவர், "சரி, தொடர்கதையைப் படிங்க" என்றார். படித்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து அடுத்த கப்பலில் மிக்கேல் ஏறினான்.

"போயி என்னத்தலே சொல்லப்போற?" என்றார் தாமஸ், துறைமுகத்தில்.

"நடந்தத சொல்லுவேன்."

"பேப்பர் அலமாரிக்குள்ள இருந்துச்சு, சாவி எங் கையில இருந்துச்சுன்னா?" தாமஸ் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எப்பா, கப்பல் பிந்தி வந்துச்சுன்னு சொல்லிரு. அத நம்புவானுவ."

மெட்ராஸில் மேனேஜர் நல்லபடியாக உட்காரவைத்தார், காபி வரவழைத்தார். மிக்கேலுக்குப் பொய் வரவில்லை. நடந்ததைச் சொன்னான். மேனேஜர் இரண்டு தடவை கேட்டார்.

"அதாவது பேப்பர் உங்க ஊருக்கு இருபத்தொண்ணாம் தேதியே வந்துடுச்சு."

"ஆமா சார்."

"கப்பல் இருபத்துநாலுல திரும்புது. அதுல ஏறியிருந்தா இருபத்தேழுக்கு இங்க."

"ஆமா சார்."

"பேப்பர் உங்க கைல இருந்தது."

"பத்து நாளும் சார்."

"ஏன் பிரிச்சுப் பார்க்கல?"

"தினம் ஒண்ணுதான் சார் படிப்போம்."

"ஏன்?"

மிக்கேல் வாயைத் திறந்தான். கிணறு, கதாநாயகி, உடைந்த மண்டை, எல்லாம் நாக்குவரை வந்தன. கராச்சர்மாவில் அவை காரணமாகத்தான் இருந்தன. இந்த அறையில், மின்விசிறிக்குக் கீழே, ஒன்றும் காரணமாக இல்லை. காபியைக் குடித்தான்.

"உங்களுக்காகப் பன்னிரண்டு மணி வரைக்கும் காத்திருந்தோம்" என்றார் மேனேஜர். அது உண்மைதான் என்று அவர் முகத்தில் தெரிந்தது. அதுதான் மோசமாக இருந்தது. வேறொரு பையனுக்குக் கார் போய்விட்டது. மூன்று வருட ஒப்பந்தம், கையெழுத்தும் ஆகிவிட்டது. அடுத்து எப்போதாவது, என்று அவர் ஆரம்பித்தார். மேற்கொண்டு சொல்ல வெட்கப்பட்டு எழுந்துகொண்டார்.

திரும்புகிற கப்பலுக்கு இரண்டு நாள் இருந்தது. மிக்கேல் பஸ் பிடித்துச் சோழவரம் போனான்.

அதுவும் ஒரு பழைய ஓடுபாதைதான். ஆளரவம் இல்லை. அந்தக் கோடிமுதல் இந்தக் கோடிவரை ஊர்க்காரர்கள் நெல் காயப்போட்டிருந்தார்கள். நெல்லுக்கு நடுவே வழி பார்த்து அவன் முழுச் சுற்றையும் நடந்தே முடித்தான். ஒரு திருப்பத்துக்கு முன்னால் தரையில் கறுப்பாக இரண்டு கோடுகள் இருந்தன. அகல டயர், புதுசு. ஓட்டியவன் பிரேக் அழுத்திய இடம். மிக்கேல் குனிந்து பார்த்தான். திருப்பத்தைப் பார்த்தான். மறுபடியும் கோட்டைப் பார்த்தான்.

சீக்கிரம் அழுத்திவிட்டான்.

கோடு தொடங்கும் இடத்தில் நின்று, திருப்பத்தை நோக்கி எட்டு வைத்து எண்ணினான். பதினாலு எட்டு போனபிறகு நின்றான். இங்கே. இங்கேதான் அழுத்தியிருக்க வேண்டும். வேறு யாருக்கும் எப்படியோ, அவனுக்கு இது கை தன் வாய்க்குப் போகிற வழி மாதிரி தெரிந்தது. ஓரத்திலிருந்து ஒரு கருங்கல்லை எடுத்துவந்து அந்த இடத்தில் வைத்தான். சற்றுத் தள்ளி நின்று பார்த்தான். சரியாக இருந்தது.

"தம்பி! இன்னாத்துக்கு நெல்லு மேல நிக்கிற?"

கையில் துழாவும் பலகையோடு ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தாள். மிக்கேல் நகர்ந்தான்.

"இங்க கார் ஓட்டினாங்களே, நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டான்.

"பார்த்தனே. ஒரே சத்தம். மத்தியானம் வரிக்கும் நெல்ல கொட்டவே வுடல. யாரோ வர்றாங்க, யாரோ வர்றாங்கன்னு குந்திக்கினு இருந்தாங்க." அவள் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "யாரும் வரல."

காற்று எழும்பியது. ஓரத்தில் மடித்துப் போட்டிருந்த காலிச் சாக்குகள் படபடத்தன. அவள் சுற்றுமுற்றும் பார்த்து, அவன் வைத்த கல்லைக் குனிந்து எடுத்துக்கொண்டுபோய், சாக்குமேல் வைத்தாள்.