குருத்து கருகிய ராணிப்பனை

வடக்கனந்தலைத் தாண்டியதும் ரோட்டின் குறுக்கே முதல் புளியமரம் கிடந்தது. வெட்டி ஒரு வாரம் இருக்கும். இலையெல்லாம் சருகாகிக் கொட்டிவிட்டது. வளர்மதி தோளில் சாத்தியிருந்த பனை மட்டையை இறக்காமலே அடிமரத்தில் கால் வைத்து ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். குதித்த வேகத்தில் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் கழற்றி வாய்க்காலில் எறிந்துவிட்டு நடந்தாள். அன்றைக்கு அவளுக்கு இருந்த கோபத்தில் செருப்பு ஒரு பொருட்டே இல்லை.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு ஜில்லா முழுக்க மறியல் நடந்து முடிந்திருந்தது. ரோட்டோர மரங்களை வெட்டிச் சாய்த்ததில் பஸ் இன்னும் ஓடவில்லை. வெள்ளிமலையிலிருந்து இறங்கும் ஜீப் அணைக்கட்டோடு நின்றுகொண்டது. அந்த ஜீப்பை ஓட்டும் பாண்டியன்தான் காலையில் சேதி கொண்டுவந்தான்.

"உங்கப்பாவ மரம் வெட்டுன கேசுல சேக்கப் போறாராம் தீனதயாளன் ஐயா. சாயங்காலம் ஏட்டு வராராம், அவர்கிட்ட ஐயா பேர் குடுக்கப் போறாராம். உங்கப்பாதான் ஆள் மூலமா சொல்லி அனுப்பிச்சாரு."

"என்னை வரச் சொன்னாரா?"

"வரவேணாம்னு சொல்லச் சொன்னாரு."

அப்பாவின் குணம் அது. தலையில் கல் விழுந்தாலும், விழுந்த கல்லுக்கு வலிக்குமோ என்று பார்க்கிற ஆள். மலையிலேயே பிறந்து வளர்ந்து, தினையும் சாமையும் விதைத்துக்கொண்டிருந்த கண்ணுசாமி, மகள் கோயம்புத்தூரில் தோட்டக்கலை படிக்கப் போனபோது கள்ளக்குறிச்சிக்கு இறங்கி தீனதயாளன் பங்களாவில் தோட்ட வேலைக்குச் சேர்ந்தார். மகள் படித்து முடித்து வந்துவிட்டாள். மலை ஜனத்தில் அவள் வம்சத்துக்கே அதுதான் முதல் பட்டம். அவர் இன்னும் அங்கேதான் குனிந்துகொண்டிருந்தார்.

மறியலுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. சம்பந்தம் இருந்தது பங்களா வாசலில் நின்ற பனைகளோடுதான். இரண்டு வருஷத்துக்கு முன்பு தீனதயாளன் பெங்களூர் நர்சரியிலிருந்து ஒரு லாரி கன்று இறக்கினார். நர்சரிக்காரன் குயின் பாம் என்றான். இவர் ராணிப்பனை என்று பெயர் வைத்துக்கொண்டார். பாதியைக் கள்ளக்குறிச்சியில் புதிதாகக் கட்டிய பங்களாவின் வாசலில் வைத்தார். மீதியை வெள்ளிமலையில் கோடைக்குப் போய்த் தங்கும் வீட்டின் முன்னால் வைத்தார். இரண்டு இடத்திலும் குழி எடுத்தது, நட்டது, தண்ணீர் விட்டது எல்லாம் கண்ணுசாமி. மலையில் இருந்தவை மயில்தோகை மாதிரி விரிந்துவிட்டன. கீழே இருந்தவை குருத்திலேயே கருகிப்போயின. தை மாதம் தீனதயாளனின் மகளுக்குக் கல்யாணம். வாசலில் வரிசையாகச் சவம் நிற்கிறது. தீனதயாளனுக்கு யார்மேலாவது பாய வேண்டும். போலீசுக்கு யார் பெயராவது வேண்டும். இரண்டுக்கும் பக்கத்தில் கிடைத்தது மலைக்காரன் ஒருத்தன்.

அதனால்தான் அவள் சேதி கேட்டதும் வெள்ளிமலை வீட்டுக்குப் போய் ஒரு மட்டையை அறுத்து, அந்த மரத்தடி மண்ணை ஒரு பாலிதீன் பையில் அள்ளிக்கொண்டு கிளம்பினாள்.

பங்களா கேட்டைத் தள்ளியபோது ஏட்டு வந்துவிட்டிருந்தார். சைக்கிள் தூணில் சாய்ந்திருந்தது. தீனதயாளன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வாசல் நிலையில் அவர் மனைவி ராஜாம்பாள். அப்பா போர்டிகோ படிக்குக் கீழே, வெயிலில், துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். மகளைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் சுருங்கியது.

"வந்துட்டாங்கய்யா பட்டதாரி" என்றார் தீனதயாளன். "இன்னாம்மா, மட்டையெல்லாம் தூக்கினு வர்ற? கூரை வேயப் போறியா?"

"உங்க வெள்ளிமலை வூட்டு மட்டதாங்க."

"யாரைக் கேட்டு அறுத்த? பாத்தீங்களா ஏட்டய்யா. அப்பன் மரத்த சாவடிக்கிறான், பொண்ணு மட்டைய அறுக்குது. குடும்பத் தொழிலு."

ஏட்டு சிரித்துவிட்டு வாசல் வரிசையைப் பார்த்தார். "இது ஈச்சமரந்தானேங்க?"

"ஈச்சமரமா! பெங்களூர் சரக்குய்யா இது. ஊட்டி குளுருக்கும் வருது, மெட்ராஸ் சூட்டுக்கும் வருது, எங்க வச்சாலும் வரும்னு சத்தியம் பண்ணிக் குடுத்தான். இவன் கையில வந்து செத்துச்சி."

வளர்மதி மட்டையைத் தரையில் போட்டாள். "எங்கப்பா மேல இன்னா கேசுங்க? ரோட்டுல மரம் வெட்டுனதா, உங்க மரத்த சாவடிச்சதா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லுங்க."

"பாப்பா, சும்மா இரு" என்றார் கண்ணுசாமி.

"நீ சும்மா இருந்துதாம்பா இந்தக் கெதி. ஏட்டய்யா, மறியல் நடந்த வாரம் பூரா பஸ்ஸு இல்ல. எங்கப்பா மலைக்கு வர முடியாம இங்க மோட்டார் கொட்டாயிலதான் படுத்துக்கினு இருந்தாரு. இந்த அம்மாதான் சோறு போட்டாங்க. கேளுங்க அவங்கள."

ஏட்டு ராஜாம்பாளைப் பார்த்தார். ராஜாம்பாள் புருஷனைப் பார்த்தாள். இல்லை என்று அவள் சொல்லவில்லை.

தீனதயாளன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "சரி, ரோட்ட வுடு. எம்மரம் எப்பிடி செத்துச்சி? மருந்து வச்சான் உங்கப்பன். இல்லன்னா நீ சொல்லு பாப்போம். கோட்டாவுல சீட்டு வாங்கிப் படிச்ச இல்ல? அந்தப் படிப்பு இன்னா கிழிக்குதுன்னு பாக்கறேன். ஏட்டு காதுல வுழற மாதிரி காரணத்தச் சொல்லிட்டீன்னா பேரை எழுத வேணாம்னுட்றேன்."

"சீட்டு கோட்டாவுல குடுத்தாங்க. பரீச்சைய எனக்கு யாரும் எழுதிக் குடுக்கல" என்றாள்.

அவள் முதல் பனையின் கீழே போய் நின்றாள். மேலே குருத்து, நெருப்பில் காட்டிய கோழி இறகு மாதிரி சுருண்டு குட்டையாக நின்றது. அடி மட்டைகளில் இன்னும் கொஞ்சம் பச்சை இருந்தது.

"பாருங்க ஏட்டய்யா. சூட்டால வாடுனா, தண்ணி கம்மியானா, அடி மட்டதான் மொதல்ல காயும். இங்க அடி மட்ட பச்சையா இருக்குது, புதுசா வர்ற குருத்து கருவுது. மருந்து வச்சிருந்தா மொத்தமும் ஒரே அடியா சரிஞ்சிருக்கும். இது பட்டினி. குருத்து விரியறதுக்கு மாங்கனீசுன்னு ஒரு சத்து வேணும். அது மரத்துக்குக் கெடைக்கல."

"அதுதான் உங்கப்பன் உரம் போடலங்கறேன்!"

"உரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. மண்ணுல சத்து இருந்தாலும் வேரு எடுக்க முடியாத மாதிரி மண்ணு கட்டிப் போட்டிருக்குது. இந்த மரம் புளிச்ச மண்ணுல, அதாவது அமில மண்ணுல பொறந்தது. கொஞ்சம் பனி விழுந்தாலும் தாங்கும், வெயிலுக்கும் தாங்கும், தண்ணி மட்டும் குடுத்தா போதும். ஊட்டியிலயும் மெட்ராஸ்லயும் அது நிக்கறதப் பாத்துட்டு எங்க வச்சாலும் வரும்னுட்டான் உங்க நர்சரிக்காரன். குளுரு, சூடுதான் அவன் பாத்தான். மண்ணப் பாக்கல. சுண்ணாம்புல மட்டும் இது நிக்காது."

"இது கரிசக்கலப்பு செம்மண்ணு. சுண்ணாம்பு எங்கேர்ந்து வந்துச்சி?"

அவளுக்கும் அதுதான் தெரியவில்லை. இவ்வளவு சுண்ணாம்பு இந்த மண்ணில் இயல்பாக இருக்க வழியில்லை. காரணம் பாதியில் நின்றால் அப்பா ஸ்டேஷனுக்குப் போவார். ஸ்டேஷனுக்குப் போன மலைக்காரன் எப்படித் திரும்பி வருவான் என்று அவளுக்குத் தெரியும்.

"அம்மா, கக்கூஸ் கழுவற ஆசிட்டு இருக்குதுங்களா?"

"எதுக்கு?" என்றார் தீனதயாளன். ராஜாம்பாள் அதற்குள் உள்ளே போய்விட்டாள். புட்டியோடு வந்து, படியில் இறங்கி, தானே வளர்மதி கையில் கொடுத்தாள்.

வளர்மதி பாலிதீன் பையை உதறி மலை மண்ணைக் கீழே கிடந்த மட்டையின் அகலமான அடிப்பக்கத்தில் கொட்டினாள். அதன்மேல் ஆசிட்டைச் சாய்த்தாள். மண் நனைந்தது, அவ்வளவுதான். பிறகு பனையடிக்கு வந்து மேல்மண்ணைக் காலால் விலக்கிவிட்டு ஊற்றினாள். தரை புஸ்ஸென்று சீறியது. வெள்ளை நுரை பொங்கி, மூக்கைத் துளைக்கும் புகை கிளம்பி, ஏட்டு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"யப்பா! சோடா மாதிரி பொங்குது!"

"சுண்ணாம்பு இருந்தாத்தான் இப்பிடிப் பொங்கும்" என்றாள் வளர்மதி. அடுத்த மரத்தடியிலும் பொங்கியது. அதற்கடுத்ததிலும். அவள் குனிந்து ஒரு குச்சியால் கிளறினாள். நுரைக்கு நடுவே கையகலக் காரைக்கட்டி ஒன்று பெயர்ந்து வந்தது. ஒரு பக்கம் நீலம் அடித்திருந்தது.

ராஜாம்பாள் அதைப் பார்த்தாள். "இது எம் மாமனார் வூட்டுச் செவுரு ஆச்சே" என்றாள்.

ஏட்டு அவள் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா சொல்றீங்க?"

"இவங்க வகையறாவுல புது வூடு கட்னா பழைய வூட்டுலேர்ந்து ஒரு புடி மண்ணு எடுத்தாந்து வாசல்ல போடுவாங்க. இவரு ஒரு புடியோட நிறுத்துனாரா? மாமா வூட்ட இடிச்சி, செவுரு, காரை, கல்லு அத்தனையும் லாரி லாரியா இங்க கொட்ட வச்சாரு. எங்கப்பன் மண்ணு மேலதான் எம்மரம் நிக்கணும்னாரு."

"ஏய், உள்ள போடி!"

"நீங்கதானே கொட்டச் சொன்னீங்க? நானா சொன்னேன்?"

வளர்மதி அப்பாவின் பக்கம் திரும்பினாள். "உனக்குத் தெரியுமா இது?"

"கொட்டச் சொன்னாரு, கொட்டுனேன் பாப்பா. அது சுண்ணாம்பு, இது ஆவாதுன்னு எனக்கு இன்னா தெரியும்?"

"சரிய்யா, காரைய வுடு!" தீனதயாளன் எழுந்துவிட்டார். "அதுக்கு மேல நான் எவ்ளோ பார்த்தேன் தெரியுமா? எங்க தோப்புல தென்னைக்கு வெக்கிற மாதிரி அமாவாசைக்கு அமாவாசை கல்லுப்பும் நீத்த சுண்ணாம்பும் எங்கையாலயே அளந்து குடுத்தேன். அப்பிடியும் வரலன்னா?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது. ஏட்டு இரும ஆரம்பித்தார். இருமலா சிரிப்பா என்று பிரிக்க முடியவில்லை.

"தென்னை உப்பத் தாங்கும்" என்றாள் வளர்மதி. ஒவ்வொரு சொல்லாகக் கடித்துத் துப்பினாள். "இது தென்னை இல்லைங்க. இதுக்கு உப்பும் ஆவாது, சுண்ணாம்பும் ஆவாது. உங்க கையாலயே அளந்து ஊட்டி ஊட்டி நீங்கதான் சாவடிச்சீங்க. அதுக்கு எங்கப்பன ஜெயில்ல போடறதுக்கு ஏட்ட வரவழைச்சி ஒக்கார வச்சிருக்கீங்க. ரோட்டுல மரம் வெட்டுனவனாச்சும் ஒண்ண கேட்டு வெட்டுனான். நீங்க எதக் கேட்டு இந்த மனுசன வெட்டப் பாத்தீங்க?"

"வாய்க் கொழுப்பப் பாரு."

"காரணம் சொன்னா பேர் வேணாம்னீங்க. சொல்லிட்டேன். ஏட்டய்யா காதுல வுழுந்துச்சா?"

ஏட்டு தொப்பியை எடுத்து மாட்டினார். "வுழுந்துச்சி. ஸ்டேஷன்ல பேரு கொண்டாடான்னு உயிர வாங்கறாங்க. நான் போயி வேற எடம் பாக்கறேன். இங்க மரத்துக்குச் சாட்சி மரமே சொல்லிடுச்சி." சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது வளர்மதியைப் பார்த்து, "எம்பொண்ணு பிளஸ் டூ படிக்குது" என்று மட்டும் சொன்னார். வேறு எடம் என்றால் வேறு யாருடைய அப்பாவோ. அதை நினைத்ததும், ஜெயித்தது போன்ற அந்தக் கொஞ்சமும் அவளுக்குக் கசந்தது.

கேட் சாத்தியதும் தீனதயாளன் திரும்ப உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். ஒன்றுமே நடக்காத மாதிரி.

"சரி சரி. ஏதோ கோவத்துல பேசிட்டேன், அத வுடு. மரத்துக்கு வைத்தியம் இன்னா? தைக்குள்ள பச்சை கட்டிடுமா?"

வைத்தியம் அவளுக்குத் தெரியும். காரையைத் தோண்டி வாரிவிட்டு, செம்மண்ணும் மக்கிய எருவும் போட்டு, உப்பை நன்றாகத் தண்ணீர் விட்டு அலசி, மாங்கனீசு சல்பேட்டைக் கரைத்து ஊற்றினால் அடுத்தடுத்து வரும் குருத்துகள் தேறும். தைக்குள் ஒரு மரம் கூடச் சரியாகாது. ஆனால் பிழைக்கும்.

"தெரியும்" என்றாள். "எங்கப்பாவ திருடன் மாதிரி வெயில்ல நிக்க வச்சீங்க. அவர்கிட்ட மொதல்ல ஒரு வார்த்த சொல்லுங்க. அப்புறம் வைத்தியம்."

தீனதயாளன் அவளைப் பார்க்கவே இல்லை. அவளைத் தாண்டி, போர்டிகோவுக்குக் கீழே பார்த்தார். "டேய் கண்ணுசாமி. இன்னாடா நிக்கிற? மம்பட்டிய எடு. அந்தக் காரையெல்லாம் தோண்டி வெளிய கொட்டு. பொழுது சாய்றதுக்குள்ள ரெண்டு மரத்தடியாவது முடிக்கணும்."

கண்ணுசாமி அசைந்தார். மோட்டார் கொட்டகைப் பக்கம் நடந்தார். சுவரில் சாய்ந்திருந்த மண்வெட்டியை எடுத்தார். வளர்மதி பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை தூரம் வெறுங்காலில் நடந்து வந்தது இதைப் பார்க்கவா? இந்த மனுஷனை ஸ்டேஷனிலிருந்து காப்பாற்றலாம். இவரிடமிருந்து இவரை எப்படிக் காப்பாற்றுவது? ஓடிப்போய்ப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்று கை துடித்தது.

கண்ணுசாமி மண்வெட்டியோடு தண்ணீர்க் குழாயடிக்குப் போனார். குந்தி உட்கார்ந்தார். குழாயைத் திறந்து, தகட்டில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பிடியைக் கழுவினார். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். குழாயை மூடினார்.

"இன்னாடா பண்ற அங்க?"

"இது என்னோட மம்பட்டிங்க" என்றார் கண்ணுசாமி. "மலையிலேர்ந்து வரும்போது கொண்டாந்தது." ஈரம் சொட்டச் சொட்ட அதைத் தோளில் வைத்தார். இடுப்பில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, உதறி, தலையில் கட்டிக்கொண்டார். அந்த வாசலில் அவர் தலையில் துண்டு கட்டி யாரும் பார்த்ததில்லை. ராஜாம்பாளைப் பார்த்து மட்டும் கும்பிட்டார்.

"சோறு போட்டீங்க, நல்லா இருங்கம்மா. நான் கெளம்பறேங்க."

"டேய்! இப்ப போனீன்னா திரும்பி வராத!"

கண்ணுசாமி கேட்டைத் திறந்து, மகள் வெளியே வரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார். அவள் வந்ததும் அவள் காலைப் பார்த்தார்.

"செருப்பு எங்க?"

"அறுந்துபோச்சி."

"நெருஞ்சி முள்ளு கெடக்கும். எம்பின்னால வா" என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்தார்.