மடை அடைத்த பகல்

அர்த்தநாரி முழங்கால் தண்ணீரில் நின்று இரண்டாவது பலகையையும் மடைக்குள் இறக்கினார். கீழே, வாய்க்கால் சரிவில் ஓடிக்கொண்டிருந்த சக்கரம் முனகித் தயங்கி நின்றது. அவருடைய தம்பி அப்பாசாமி பழைய பம்பு ஒன்றை மாற்றிப் பூட்டிச் செய்த சக்கரம் அது. அதன் கரண்டில்தான் அப்பாசாமி கிடந்த ஐஸ் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க பெரியப்பா, தண்ணியில கரண்டு எடுத்த மனுசன, கரண்ட நிறுத்தியா அனுப்பறது?" குழி வெட்டிவிட்டு மண்வெட்டியோடு வந்த பங்காளி மகன் காளியண்ணன் கரையில் நின்று கேட்டான்.

"சாவு உழுந்தா மடைய அடைக்கோணும். இல்லீனா ஓடற தண்ணியோட உசுரு நம்ம மலைநாட்ட உட்டு அடுத்த நாட்டுக்குப் போயிரும். உங்கப்பன் செத்தப்பவும் நாந்தான் அடச்சேன்."

"அவரு உசுரு போறதுக்கு முன்னாலயே நீங்க அடச்சுட்டீங்கன்னு எங்கம்மா சொல்லுமுங்க."

அர்த்தநாரி பலகையைக் காலால் அழுத்திவிட்டுக் கரையேறினார்.

வழக்கப்படி நேற்று மூச்சு நின்றபோதே அடைத்திருக்க வேண்டும். மழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுந்து கிடந்தது. தம்பி மகள் அருணா பெங்களூரிலிருந்து வந்து முகம் பார்க்கும்வரை பெட்டி ஓடட்டும் என்று தம்பி மனைவி பொன்னாயி கெஞ்சியதால் விட்டுவிட்டார். காலையில்தான் தெரிந்தது, அருணா தனியாக வரவில்லை. மலைமேலுள்ள சோளக்காட்டுக்குச் சமவெளியிலிருந்து மாற்றலாகி வந்த கீழ்நாட்டு ஆபீசர் பெஞ்சமினோடு என்றைக்கு மலையிறங்கினாளோ, அன்றைக்கே அவள் பெயரை அவர் நாக்கு விட்டுவிட்டது. சுற்றுவட்ட ஊர்கள் சேர்ந்த நாட்டுச் சனம் முழுக்க உட்கார்ந்திருக்கும் வாசலில் அவர்கள் சோடியாக வந்து நிற்பதா? பெட்டி நின்றால் பிணத்தை வைத்திருக்க முடியாது. வழக்கத்தைச் செய்தவரை யாரும் குறை சொல்லவும் முடியாது.

வீட்டில் பொன்னாயி பெட்டியின் தலைமாட்டில் இருந்தாள்.

"கரண்டு போயிருச்சுங்க மாமா."

"மடைய அடச்சாச்சு. எடுத்தரலாம்."

"அவ அடிவாரம் காரவள்ளி வந்துட்டாளாமா. மலை ஏறோணும், அவ்வளவுதானுங்க."

"பொணத்தப் போட்டுக்கிட்டு ஆருக்கும் காத்திருக்கற பழக்கம் நம்மூட்டுல இல்ல."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது. மேல்கரட்டில் மழை இறங்கும் இரைச்சல் மட்டும் கேட்டது.

பாடைக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்தபோது காளியண்ணன் ஓடிவந்தான்.

"பெரியப்பா, வடிமடையத் தெறந்தீங்களா?"

பலகை போடுமுன் மேலே வடிமடையைத் திறந்து, வரும் தண்ணீரை ஓடைக்குத் திருப்பிவிட வேண்டும். அந்த மலையில் ஆடு மேய்க்கும் பிள்ளைக்கும் தெரிந்த காரியம். அவசரத்தில் அர்த்தநாரி அதைச் செய்யாமலே வந்திருந்தார்.

"கரை ஒடஞ்சு, தண்ணி பூராவும் சுடுகாட்டுக்குப் போவுதுங்க. குழி ரொம்பிருச்சு."

அவர் போய்ப் பார்த்தார். தம்பிக்கு வெட்டிய குழியில் செந்நீர் விளிம்பு தட்டிச் சுழன்றது. சுற்றிலும் மண் சத்தமில்லாமல் கரைந்து உள்ளே இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில், அவருடைய அப்பாவின் தலைமாட்டுக் கல் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

"பலகைய எடுத்தரட்டுங்களா?" என்றான் காளியண்ணன்.

"நானே எடுக்கறேன்."

ஊர் பார்க்க மறுபடியும் தண்ணீருக்குள் இறங்கினார். மேல் பலகை வந்துவிட்டது. அடிப்பலகையைத் தண்ணீர் அழுத்திப் பிடித்திருந்தது. மூச்சு வாங்கினார். காளியண்ணன் இறங்கி மறுமுனையைப் பிடித்தான். பலகை பிடுங்கிக்கொண்டு வந்ததும் கீழே சக்கரம் உறுமியது.

அவர் திரும்பியபோது வாசலில் ஒரு கார் நின்றது. நடையில் பல்பு எரிந்தது. உள்ளே பொன்னாயி பெட்டிக் கண்ணாடியில் படிந்திருந்த ஆவியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அருணா அப்பா முகத்தைப் பார்க்கக் குனிந்திருந்தாள். ஆண்கள் யாரும் அவரிடம் எப்போது எடுப்பது என்று கேட்கவில்லை.

செருப்பைக் கையில் பிடித்தபடி, உள்ளே போகாமல், பெஞ்சமின் கூரைத் தண்ணீர் சொட்டும் ஓரத்தில் நின்றிருந்தான். அர்த்தநாரியைக் கண்டதும் மழைக்குள் ஓரடி நகர்ந்து, கூரைக்கடியில் அவருக்கு இடம் விட்டான்.