துக்க வீட்டு மெட்டு

யூதர்களின் துக்க வழக்கப்படி கூடத்துக் கண்ணாடியைப் படுக்கை விரிப்பால் மூடிக்கொண்டிருந்தாள் பெர்லா. ஒரு முனையைச் செருகினால் மறுமுனை அவிழ்ந்தது. காலையில்தான் அப்பாவைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். அதற்குள் சமையலறையில் யாரோ அவருடைய பாட்டை முணுமுணுத்தார்கள்.

“லூபின் ஆன்ட்டி! ஏழு நாளைக்கு இந்த வீட்ல பாட்டு கூடாது. உங்களுக்குத் தெரியாததா?”

“ஐயோ, பாடினேனா? தானா வாயில வந்துடுதுடி. புரூக்ளின்ல எந்தக் கல்யாணத்துல அது இல்ல?” அவித்த முட்டைகளை உரித்தபடியே சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி.

எல்லா வம்புக்கும் அந்தப் பாட்டுதான் காரணம். தாத்தா ஜெப ஆலயத்தில் பாடகர். துக்க வீட்டில் பாடும் வேதப் பாடலுக்கு அவரே ஒரு மெட்டுப் போட்டிருந்தார். அப்பா அதை வேகமாக்கி, டிரம்ஸும் கிளாரினெட்டும் சேர்த்து, காதல் பாட்டாக்கி விற்றார். நாடே ஆடியது. அவருடைய அண்ணன் ஜெலிக் அதன்பிறகு தம்பி வீட்டுப் படி ஏறவில்லை.

இன்றும் ஏறவில்லை. தெருவிலேயே நின்றார். உள்ளே ஒன்பது ஆண்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்து ஆண்கள் சேராமல் இறந்தவருக்கான கதீஷ் ஜெபம் சொல்ல முடியாது. சொல்வதற்கு அப்பாவுக்கு மகனும் இல்லை.

பெர்லா காலுறையோடு வாசலுக்குப் போனாள்.

“உள்ள வாங்க பெரியப்பா.”

“சாவு வீட்டுப் பாட்டுக்கு ஊரையே ஆட விட்டவன் அவன்.”

“சரி, ஆட விட்டாரு. இப்ப மண்ணுக்குள்ள போயிட்டாரு. இன்னும் யார்கிட்ட கோச்சுக்கிறீங்க?”

“எங்கப்பா அந்த ரெக்கார்டக் கேட்டு அழுதாரு, தெரியுமா?”

“எங்கப்பாவும்தான் அழுதாரு. ஆளுக்கொரு மூலைல அழுதுட்டே போய்ச் சேர்ந்தாங்க. நீங்க இங்கயே நில்லுங்க. எதிர்க்கடைலேர்ந்து யாரையாவது கூட்டிட்டு வரேன். உங்க தம்பிக்கு முன்னபின்ன தெரியாதவன் கதீஷ் சொல்லட்டும்.”

அவர் முறைத்தார். “அப்பன் வாய் அப்படியே இருக்கு உனக்கு.” அவளை ஒதுக்கிவிட்டுப் படியேறினார்.

வறண்ட குரலில் கதீஷைச் சொல்லி முடித்தார். பிறகு வேதப் பாடலைத் தொடங்கினார். தாத்தாவின் மெட்டுதான், நிதானமாக. பெர்லா தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து மூன்றாம் வரிக்குக் காத்திருந்தாள். “அங்க கீழ இறங்கினா தாத்தா, மேல ஏறினா நான்” என்று அப்பா இரண்டு விதமாகவும் பாடிக் காட்டுவார். அவர் ஏறும் இடத்தில்தான் கல்யாணங்களில் எல்லோரும் கைதட்டுவார்கள்.

மூன்றாம் வரி வந்தது. பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு மேலே ஏறினார்.

சமையலறை வாசலில் லூபின் ஆன்ட்டியின் கைகள் தட்டுவதற்கு எழுந்து, சட்டென்று ஏப்ரனுக்குள் ஒளிந்துகொண்டன. பெர்லா அவளை ஒன்றும் சொல்லவில்லை.