அரைக் கிண்ணம் கஞ்சி

நான் மஸ்கட்டிலிருந்து லீவில் வந்த மூன்றாம் நாள், அப்பச்சனுக்கு வைத்த கஞ்சியை ஷைபி பின்வாசல் வழியாக வாத்துகளுக்குக் கொட்டுவதைப் பார்த்தேன். அன்று சாயங்காலம் என் தம்பி டோமிச்சன் கனடாவிலிருந்து கூப்பிட்டபோது, "அரைக் கிண்ணம் குடிச்சாரு" என்று கூசாமல் சொன்னாள்.

அப்பச்சன் என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, குட்டநாட்டில் முப்பது வருஷம் சர்க்கார் படகு ஓட்டியவர். மறதி நோய் வந்து ஒன்பது வருஷம். போன லீவில் என் கையைப் பிடித்து நடந்தவர், இப்போது பேச்சில்லாமல் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். இடுக்கியிலிருந்து வந்து எட்டு மாதமாக வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துக்கொள்ளும் ஷைபி மட்டும் பளபளவென்று இருப்பதாக எனக்குப் பட்டது.

நான் எதுவும் கேட்கவில்லை; கவனித்தேன். நாலு கரண்டி கொடுப்பாள். அவர் முகத்தைத் திருப்பினால் கிண்ணத்தை எடுத்துவிடுவாள். அவள் குளிக்கப் போனபோது பையைத் துழாவினேன். இரண்டு நைட்டி, ஒரு ஜெபமாலை, மகளின் கல்யாணப் போட்டோ. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

ஞாயிறன்று அவள் சர்ச்சுக்குப் பூசைக்குப் போன நேரம், கஞ்சியில் கரிமீனைப் பிசைந்து நானே ஊட்டினேன். பத்துக் கரண்டி உள்ளே போனது. அவளை இன்றே அனுப்பிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அப்பச்சனுக்குப் புரையேறியது. உதடு நீலமாகிவிட்டது. படகுத்துறையிலிருந்து வந்த ஷைபி, குடையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடிவந்து, அவரைப் பக்கவாட்டில் புரட்டி வாயிலிருந்ததை விரலால் வழித்தெடுத்தாள்.

ராத்திரியே காய்ச்சல் கண்டது. மறுநாள், தீராத நோயாளிகளை வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ் நர்ஸ் நசீமா சிஸ்டர் வந்து நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். விழுங்கும் சக்தி போய்விட்டது, உணவு நுரையீரலுக்குப் போகிறது என்றார். மூக்கில் குழாய் போடலாமா என்று கேட்டேன். போட்டாலும் புரையேறும், அவர் பிடுங்காமலிருக்கக் கையைக் கட்ட வேண்டிவரும் என்றார்.

"சாப்பிடாததால அப்பச்சன் போகலை, ஜாளி. போகப் போறாரு, அதனால பசி நின்னுருச்சு" என்றார் சிஸ்டர்.

சிஸ்டர் கிளம்பிய பிறகு ஷைபியிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"குறைச்சுச் சொன்னா உங்க தம்பி என்னை மாத்திடுவாரு, சேச்சி. அடுத்து வர்றவ பயந்துக்கிட்டு வாயில ஊத்தி அடைப்பா."

அன்று சாயங்காலம் ஃபோனை நானே எடுத்து உள்ளதைச் சொன்னேன். டோமிச்சன் குழாய் போடச் சொன்னான். முடியாது என்றேன்.

"நீயும் அவளும் சேர்ந்து என்ன பண்றீங்க அங்க?" என்றான்.

எனக்குக் கோபம் வரவில்லை. நாலு நாள் முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் வந்த ஒன்பதாம் நாள் மத்தியானம், ஷைபி ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டிருக்கும்போதே அப்பச்சன் அடங்கினார். அடக்கத்துக்கு வந்த டோமிச்சன், கடைசியாக என்ன மருந்து கொடுத்தார்கள் என்று ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தான். நசீமா சிஸ்டர் அவனைப் படகுத்துறைக்கு அழைத்துப்போய் ஒரு மணி நேரம் பேசினார். திரும்பி வந்தவன் நேராகப் போய்ப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் ஷைபியின் பையைத் தூக்கிக்கொண்டு அவளைப் படகேற்றிவிட அவனே போனான். என்னிடம் மட்டும் இன்றுவரை வார்த்தையை எண்ணி எண்ணித்தான் பேசுகிறான்.