தட்டும் சத்தம் நின்றபோது

அந்தக் கறிக்கடையின் குளிர் அறைக்கு உள்பக்கக் கைப்பிடி உடைந்து வெகுநாளாகிவிட்டது. அதனால் கடையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நின்று அவ்வப்போது கதவைத் தட்டுவார். உள்ளே இருப்பவர் பதிலுக்குத் தட்டுவார். ஆள் உள்ளே இருக்கும்போது பூட்டைத் தொடவே கூடாது. அங்கே வேலை பார்த்த எல்லோருக்கும் இது அத்துப்படி. முன்பு அங்கே எலும்பு வெட்டிய மொட்டைக்கும்தான்.

அந்த மொட்டைதான் இப்போது இரண்டு பேரோடு கத்தியைத் தூக்கிக்கொண்டு தெருமுனையில் வந்துகொண்டிருந்தான். அவன் சந்தைக் காவலாளியைக் குத்திக் கொன்றதைக் கண்ணால் பார்த்தவன், கடைக்காரியின் தம்பி. வாய் ஓயாத பேச்சால் அவனுக்கு ரேடியோ என்று பெயர். "உண்மையைச் சொல்லுடா, ஆண்டவர் கூடவே இருப்பாரு" என்று அக்கா தைரியம் கொடுத்ததால்தான் போலீஸில் சொன்னான்.

"உள்ள போடா, சீக்கிரம்!"

"அக்கா, மறந்துபோய் என்னையும் கொக்கியில மாட்டி வித்துடாதே."

"உன்னை எவன்டா வாங்குவான்? எலும்புதான் தேறும்."

கதவு மூடியது. கும்மிருட்டு. தொங்கிய ஆடுகள் தோளில் இடித்தன. டக், டக். வெளியே அக்கா தட்டினாள். அவனும் தட்டினான். அடுத்து, பூட்டு விழும் சத்தம் கேட்டது.

ரேடியோ கதவைத் தள்ளிப் பார்த்தான். பூட்டிவிட்டாளா? அக்காவா?

சற்று நேரத்தில் கதவு அதிர்ந்தது. தொம். மறுபடி தொம். கதவை உடைக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு கொக்கியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டான். இடி விழுந்துகொண்டே இருந்தது. கனத்த கதவைத் தாண்டி ஒரு சொல்லும் உள்ளே வரவில்லை. பிறகு அதுவும் ஓய்ந்தது.

அக்கா தட்டவில்லை. அவன் தட்டிப் பார்த்தான். பதில் இல்லை. பல் தந்தியடித்தது, விரல்கள் மரத்துப்போயின. பூட்டிவிட்டு ஓடிவிட்டாள் என்று வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினான். கடைசியில் மேலே பார்த்துக் கத்தினான்.

"கூடவே இருப்பேன்னியே, எங்க இருக்கே? இருந்தா ஒரே ஒரு தடவை தட்டு!"

ஒன்றும் கேட்கவில்லை. கொக்கி கையிலிருந்து நழுவியது.

நெடுநேரம் கழித்துப் பூட்டில் ஏதோ உரசியது. கதவு திறந்தது. அக்கா அவன்மேல் சரிந்தாள். ஒரு கண் மூடிக்கிடந்தது. உதடு கிழிந்து, முன்பற்கள் இல்லாத வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. கதவின் வெளிப்பக்கத்தில், அவள் தலை உயரத்தில், தகரம் குழிந்து அதில் முடி ஒட்டியிருந்தது.

பக்கத்துக் கடைத் தையல்காரர் ஓடிவந்தார். "மேஜைக்கு அடியில ஒளிஞ்சு எல்லாத்தையும் பார்த்தேன்யா. 'ரேடியோ எங்கடி'ன்னு கேட்டுக் கேட்டு, முடியைப் பிடிச்சு இந்தக் கதவுலயே மோதினான். வாயையே திறக்கலை உங்க அக்கா. உள்ள பார்க்கலாம்னு ஒருத்தன் சொன்னான். மொட்டைதான், 'ஆள் இருந்தா இவங்க பூட்ட மாட்டாங்கடா'ன்னு அவனை இழுத்துட்டுப் போனான். இவ்வளவு நேரம் மயங்கிக் கிடந்தா. கண்ணு முழிச்சப்புறம்தான் சாவியைத் துப்பினா."

ரேடியோ பூட்டைப் பார்த்தான். சாவி ரத்தத்தில் ஊறித் தொங்கியது.

ஓடிவிட்டாள் என்று அவன் ஏசிய அக்கா, ஒரு கதவுக்கு அப்பால் அவனுக்கு விழவேண்டிய அடியை வாங்கிக்கொண்டிருந்தாள். அவள் தட்டியிருந்தால் அவன் செத்திருப்பான். மேலே பார்த்துத் தான் கத்தியதுகூட அவனுக்கு நினைவு வந்தது. சிலுவையில் தொங்கியவருக்கும் அன்று வானத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அதற்காக அவரை அவருடைய பிதா விட்டுப்போய்விட்டார் என்று ஆகிவிடுமா?

தையல்காரர் யாருக்கோ தைத்து வைத்திருந்த புதுச் சட்டையைக் கிழித்து அவள் தலையில் கட்டினார். "கோர்ட்டுக்கு நானும் வர்றேன். இனிமே மேஜைக்கு அடியில உட்கார முடியாது" என்றார்.

ஆம்புலன்ஸில் அக்காவால் பேச முடியவில்லை. அவன் உள்ளங்கையைத் தேடிப் பிடித்து விரலால் தட்டினாள். டக், டக்.

ரேடியோவும் அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. பதிலுக்குத் தட்டினான்.